போர்டைக் குறை சொல்லும் முன் பேட்டரிப் பெட்டியைத் திறங்கள்

சேலத்தில் மர மில் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஏற்காட்டு எஸ்டேட்களிலிருந்து வரும் சில்வர் ஓக் தடிகளை ரம்பத்தில் ஏற்றுவதற்கு முன், உள்ளே ஆணியோ கம்பியோ இருக்கிறதா என்று பார்க்க அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு மெட்டல் டிடெக்டர் இருக்கிறதாம். இரண்டு 9 வோல்ட் பேட்டரி போடும் பழைய மாடல். சில மாதமாக, ஆன் செய்தால் சில நேரம் உயிர் வருகிறது, சில நேரம் வருவதில்லை. பெட்டியைத் தட்டினால் வருகிறது. வீசிப் பார்க்கும்போது ஒன்றுமில்லாத இடத்தில் கத்துகிறது. புது பேட்டரி போட்டும் அப்படியே. காட்டிய இடத்தில், "போர்டு போயிடுச்சு, ஸ்பேர் கிடைக்காது, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம் தம்பி. தட்டினால் உயிர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. போர்டில் செத்துப்போன ஐ.சி., அதாவது சிப், தட்டினால் பிழைக்காது. தட்டினால் பிழைப்பது எங்கோ தொட்டும் தொடாமலும் இருக்கும் ஓர் இணைப்பு. அது போர்டில் ஈயம் விட்டுப்போன இடமாகவும் இருக்கலாம்தான். ஆனால் பழைய கருவிகளில் நான் முதலில் பார்ப்பது பேட்டரியில் தொடங்கி ஸ்விட்ச் வரைக்கும் உள்ள அரை அடி வயரை. ஈரம், கசிவு, அடிக்கடி கழற்றி மாட்டுவது என்று மூன்று அடியும் விழுவது அங்கேதான்.

கரன்ட் கொஞ்சம் குறைந்தால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். ரேடியோவுக்கு அது சரி. டிடெக்டருக்குச் சரியில்லை. வீசிப் பார்க்கும் முனையில் உள்ள கம்பிச் சுருள்தான் காயில். அதிலிருந்து ஒரு காந்தப்புலம் போகிறது, பக்கத்தில் உலோகம் வந்தால் அந்தப் புலத்தில் மிகச் சின்ன மாற்றம் ஏற்படுகிறது, அதைப் பல மடங்கு பெருக்கித்தான் உங்கள் காதுக்குச் சத்தமாகத் தருகிறது. பேட்டரிக் கிளிப் ஒரு நொடி நடுங்கினால் அந்த நடுக்கமும் சேர்ந்தே பெருகுகிறது. கருவிக்கு அதுவும் ஓர் ஆணிதான். நீங்கள் கையை வீசும்போதெல்லாம் பெட்டிக்குள் பேட்டரி ஆடுகிறது, அதனால் கத்துகிறது.

பொய்யாகக் கத்துவதைவிட எனக்குப் பயம், பொய்யாகச் சும்மா இருப்பது. இணைப்பில் தடை ஏறி வோல்டேஜ் விழுந்தால் கருவி ஆனில் இருப்பதுபோலவே தெரியும், கிட்டே உள்ள இரும்பைக் காட்டவும் செய்யும். ஆனால் மரத்துக்குள் நாலு விரற்கடை ஆழத்தில் புதைந்த முள்கம்பி ஆணியை விட்டுவிடும். எஸ்டேட் எல்லையில் நிற்கும் சில்வர் ஓக்கில் 20 வருடத்துக்கு முன்னால் யாரோ முள்கம்பி கட்ட அடித்த யு ஆணியை மரம் பட்டையோடு விழுங்கியிருக்கும், வெளியே தழும்புகூட இருக்காது. ஓடுகிற பேண்ட் சா பிளேடு அதில் பட்டால் பிளேடு போவது மட்டும் இல்லை, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறார். அதனால் இந்த வேலையை 'எப்படியோ ஓடினால் சரி' என்று செய்யாதீர்கள்.

முதலில் மண்ணா, காயிலா, பேட்டரியா என்று பிரித்துக்கொள்ளுங்கள். காயிலை ஒரு மர ஸ்டூலின் மேல் வானத்தைப் பார்த்தபடி வையுங்கள். இரும்பு மேசை, சைக்கிள், மில் மெஷின் எதுவும் இரண்டு மூன்று அடிக்குள் இருக்கக் கூடாது. நம் ஊர்ப் பக்கம் மண்ணிலேயே விவகாரம் உண்டு. கஞ்சமலைப் பாறையில் இருப்பது மாக்னடைட், அதாவது காந்தம் இழுக்கும் இரும்புக்கல். சேர்வராயன் மலை உச்சிகளில் பாக்சைட் செம்மண். இப்படிப்பட்ட தரையில் வைத்தால் நல்ல டிடெக்டரே முனகும். ஸ்டூல் மேல் அசையாமல் வைத்தபோது அமைதியாக இருந்து, பேட்டரிப் பெட்டியை மட்டும் விரலால் லேசாகத் தட்டும்போது கத்தினால் இணைப்புக் கோளாறு. காயில் கேபிளை வளைக்கும்போது மட்டும் கத்தினால் அது கேபிள், தனிக் கதை.

அப்புறம் மல்டிமீட்டர். நிறையப் பேர் பேட்டரியைக் கையில் எடுத்து 9.2 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு 'பேட்டரி நல்லா இருக்கு' என்று வைத்துவிடுவார்கள். சுமை இல்லாமல் காட்டும் வோல்டேஜை நம்ப முடியாது. பேட்டரியை மாட்டி, கருவியை ஆன் செய்து, அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். கையில் 9 காட்டும் பேட்டரி ஆன் செய்ததும் 6-க்கு விழுந்தால் பேட்டரியே தீர்ந்தது, இணைப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

பேட்டரி நன்றாக நின்றால் அடுத்து ஒரு சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், யாரும் சொல்லித் தருவதில்லை. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் குமிழிலேயே, கிளிப்பின் ஓரத்தில் சந்து கிடைக்கும் இடத்தில் வைத்து அழுத்துங்கள். இன்னொரு முனையை அதே சிவப்பு வயர் போர்டில் போய்ச் சேரும் ஈயப்பொட்டில் வையுங்கள். இரண்டும் ஒரே வயரின் இரு முனை. இணைப்பு சுத்தமாக இருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். அது காட்டுவது வழியில் தொலைந்துபோகும் வோல்டேஜ். 50 மில்லியாம்பியர் இழுக்கும் கருவியில் 2 ஓம் தடை இருந்தால் 0.1 வோல்ட் தெரியும். அந்த எண்ணே பெரிய விஷயம் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு கிளிப்பை ஆட்டுங்கள், வயரை வளையுங்கள், ஸ்விட்சைத் தொடுங்கள். எதைத் தொடும்போது எண் குதிக்கிறதோ, அதுதான் திருடன். கறுப்பு வயருக்கும் இதேபோல் பாருங்கள். ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்ப்பதென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், மாட்டிய நிலையில் கூடாது.

இரண்டு பேட்டரி என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கிளிப்பின் சிவப்பும் மற்றதன் கறுப்பும் சேரும் முடிச்சைத் தேடுங்கள். அந்த முடிச்சிலிருந்து மூன்றாவதாக ஒரு வயர் போர்டுக்குப் போகவில்லை என்றால் இரண்டும் சேர்ந்து 18 வோல்ட், ஒன்று விட்டுப்போனாலும் கருவி அடியோடு நின்றுவிடும். மூன்றாவது வயர் போகிறதென்றால் ஒன்று பிளஸ் 9, இன்னொன்று மைனஸ் 9, நடுமுடிச்சு கிரவுண்ட். பழைய கருவிகளில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். இதில் ஒரு கிளிப் மட்டும் விட்டுப்போனால் கருவி முழுதாகச் சாகாது. விளக்கு எரியலாம், ஒரே மாதிரி ஊளையிடலாம், டியூனிங் குமிழை எவ்வளவு திருப்பினாலும் அமைதிக்கு வராது. பார்ப்பவர் 'போர்டு போயிடுச்சு' என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கோலத்தைப் பார்த்துத்தான். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன், பார்க்க அப்படித்தான் இருக்கும். இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக, ஆன் செய்த நிலையில், போர்டுப் பக்கத்தில் அளந்தால் இரண்டு நிமிடத்தில் விஷயம் வெளியே வந்துவிடும்.

சரி, பெட்டியைத் திறந்துவிட்டீர்கள். பேட்டரி ஆடாமல் இருக்க மூடியில் ஒட்டிய ஸ்பாஞ்ச் கறுத்துப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். அது வயதான ஸ்பாஞ்ச். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பக்கத்துத் தகட்டையும் கெடுக்கும். முழுதும் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி வையுங்கள். மூடியை மூடும்போது பேட்டரியை லேசாக அழுத்த வேண்டும், நசுக்கக் கூடாது. சில கருவிகளில் இதைச் செய்ததுமே பாதி கத்தல் நின்றுவிடும்.

அடுத்து கிளிப்பில் படிந்திருக்கும் பொடி. வெள்ளையாக, உப்புப் பூத்தது போல இருந்தால் பெரும்பாலும் அல்கலைன் பேட்டரி கசிந்தது. உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைக் கார்பனேட்டாக மாறுகிறது. இதற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். பஞ்சுக்குச்சியில் ஒரே சொட்டு தொட்டு வையுங்கள், பொரியும், பொரிவது நிற்கும்வரை துடையுங்கள். சாதாரண மலிவு பேட்டரி, அதாவது துத்தநாகம்-கார்பன் வகை கசிந்திருந்தால் அது அமிலத்தன்மை கொண்டது. அதற்கு எலுமிச்சை உதவாது, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தொட வேண்டும். எந்த பேட்டரி கிடந்தது என்று தெரியாவிட்டால் முதலில் எலுமிச்சையைத் தொட்டுப் பாருங்கள். பொரிந்தால் காரம், பொரியாவிட்டால் சோடா. பச்சையாகவோ நீலமாகவோ படிந்திருந்தால் செம்பு அரித்துவிட்டது என்று அர்த்தம். பொடியை வாயால் ஊதாதீர்கள், கண்ணுக்குப் போனால் ஆபத்து. பழைய டூத்பிரஷால் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டுங்கள், கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். எதைத் தொட்டாலும் கடைசியில் ஈரத் துணியால் துடைத்து, அதன்மேல் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைக்க வேண்டும். மொபைல் ரிப்பேர் செய்பவர்கள் பயன்படுத்தும் அதே ஸ்பிரிட்தான். தின்னரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக் பெட்டி உருகி வழியும். மலைமேல் பனிமூட்டத்தில் இந்த வேலையைச் செய்தால் காயவே காயாது. கீழே சேலத்து வெயிலில், நேர் வெயில் படாத சூடான இடத்தில் அரை நாள் திறந்து வையுங்கள்.

பென்சில் செல் போடும் மாடலாக இருந்தால், உப்புத்தாள் போட்டு ஸ்பிரிங்கைப் பளபளவென்று தேய்க்கத் தோன்றும். வேண்டாம். ஸ்பிரிங் உள்ளே இரும்பு, மேலே நிக்கல் முலாம், அவ்வளவு மெல்லியது. முலாம் போனால் அடுத்த மழையில் துரு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரே போதும். ஏற்கெனவே முலாம் போய்ப் பழுப்பேறியிருந்தால் தேய்க்கும் நேரத்தில் புது ஸ்பிரிங் மாற்றிவிடுங்கள். பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே சாக்லேட் தாள், அலுமினியத் தாள் மடித்து வைக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. இரண்டு நாளைக்கு ஓடும். அலுமினியத்தின் மேல் உடனே ஆக்சைடு படலம் கட்டும், வேறு உலோகத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். பழைய நடுக்கம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

இங்கே நான் ஒரு தடவை ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவிலிருந்து, புதைந்த ஜி.ஐ. பைப்பைத் தேடும் டிடெக்டர் ஒன்று என்னிடம் வந்தது. எட்டு பென்சில் செல் போடுவது. செல்லை உள்ளே விட்டபடியே இரண்டு மழைக்காலம் ஸ்டோர் ரூமில் கிடந்திருக்கிறது. ஸ்பிரிங் காலெல்லாம் பாசி பிடித்தது போலப் பச்சை. எல்லாவற்றையும் சுத்தம் செய்தேன், இரண்டு ஸ்பிரிங் மாற்றினேன், அழகாக ஓடியது, கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அதே கோளாறோடு அந்த மனிதர் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து நின்றார். அப்போதுதான் கறுப்பு வயரின் பிளாஸ்டிக்கை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். வெளியே புதுசு போல இருந்த வயருக்குள் செம்பு இழைகள் கரிபோலக் கறுத்திருந்தன. கசிந்த காரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல இழைகளுக்கு நடுவே ஏறியிருக்கிறது. நாலு விரல் நீளத்துக்கு அப்படி. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஒட்டினாற்போல உருண்டையாக நிற்கும், உள்ளே பிடிப்பு இருக்காது.

அதனால் கசிவு பார்த்த பெட்டியில் வயரை நம்பவே நம்பாதீர்கள். முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போங்கள். செம்பு பொன்னிறமாகத் தெரியும் இடம் வந்தால் அங்கிருந்து நல்ல வயர். வரவே இல்லையென்றால் போர்டு வரைக்கும் புது வயர் போடுங்கள். மெல்லிய இழைகள் பல உள்ள வயர்தான் வேண்டும். ஒற்றைக் கம்பி வயர் பேட்டரி மாற்றும்போது வளைந்து வளைந்து ஒரு நாள் உள்ளேயே முறியும்.

9 வோல்ட் கிளிப்பைப் பொறுத்தவரை, சுத்தம் செய்வதைவிட மாற்றுவதே மேல். ரேடியோ ஸ்பேர்ஸ் கடையில் பேட்டரி கிளிப் என்று கேட்டாலே கொடுப்பார்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. கிளிப்பில் வயர் குமிழோடு சேரும் இடம் மேலே உள்ள உறைக்குள் மறைந்து ரிவெட்டாக இருக்கும். அங்கே அரித்தால் நம்மால் எட்டவே முடியாது. தொளதொளவென்ற பிளாஸ்டிக் தோல் போர்த்தியதை விடுத்து, கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்ததை வாங்குங்கள். கிளிப் நல்லதாக இருந்து பிடி மட்டும் தளர்ந்திருந்தால், இதழ் விரிந்த மாதிரி இருக்கும் பெரிய குமிழை மூக்குக் குறடால் சுற்றிலும் மிக மெதுவாக ஒரு நெருக்கு நெருக்கினால் போதும். பேட்டரியை மாட்டும்போது 'டக்' என்று விரலில் தெரிய வேண்டும்.

உடனே கிளிப் கிடைக்காவிட்டால் செத்த 9 வோல்ட் பேட்டரியின் தலைத்தகட்டைக் கழற்றியே கிளிப் செய்யலாம். நல்ல கிளிப் அது. ஆனால் இதில்தான் பலர் கருவியையே எரித்திருக்கிறார்கள். பேட்டரியின் தலையில் சின்ன வட்டக் குமிழ் பிளஸ், பெரிய இதழ்க் குமிழ் மைனஸ். கழற்றிய தலையைக் கவிழ்த்து நல்ல பேட்டரியில் மாட்டும்போது, அதன் பெரிய குமிழ் போய் நல்ல பேட்டரியின் சின்ன வட்டத்தைக் கவ்வுகிறது. அதாவது பழைய பேட்டரியில் மைனஸாக இருந்தது இப்போது பிளஸ். சிவப்பு வயரைப் பெரிய குமிழில்தான் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்தபின் பேட்டரியை மாட்டி, வயரின் மறுமுனையை மீட்டரில் பார்த்து, மைனஸ் குறி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் போர்டில் சேர்க்க வேண்டும். பழைய கருவிகள் பலவற்றில் தலைகீழாக மாட்டினால் காப்பாற்றும் டயோடு கிடையாது. இன்னொன்று: ஸ்விட்ச் ஆஃபில் இல்லாமல் பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள். தவறிப்போய்த் திருப்பிப் பிடித்து ஒரு நொடி பட்டாலும், ஆஃபில் இருந்தால் பிழைக்கும்.

ஈயம் வைக்க 25 வாட் அயர்ன் போதும், எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ரெசின் உள்ள ஈயக்கம்பி வேண்டும். தகரம் ஒட்டுபவர்கள் தொடும் ஆசிட்டைத் தொடாதீர்கள், கசிந்த பேட்டரி செய்த வேலையை அது தொடர்ந்து செய்யும். ஸ்பிரிங்கில் ஈயம் பிடிக்கச் சிரமப்படும். காலின் நுனியை மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துப் பற்றவையுங்கள், பெட்டியில் வைத்தே செய்தால் பிளாஸ்டிக் இளகிச் சாய்ந்துவிடும். கடைசியாக, வயர் பெட்டியை விட்டு வெளியேறும் ஓட்டைக்கு உள்பக்கம் ஒரு முடிச்சோ கேபிள் டையோ போடுங்கள். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்திருக்கும், இழுவை அங்கே விழுந்தால் அந்த விறைப்பு முடியும் இடத்திலேயே முறியும். வெளியே தோல் முறியாது, அதனால் கண்ணுக்கும் தெரியாது. இழுவையை முடிச்சு வாங்கிக்கொள்ளட்டும்.

ஸ்விட்சையும் விடாதீர்கள். பல மாடல்களில் ஆன்-ஆஃப், வால்யூம் குமிழோடு சேர்ந்தே இருக்கும். கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு அடித்து, இருபது முப்பது தடவை போட்டு அணையுங்கள். போர்டின் மேல் உள்ள சின்னத் திருகுகளில் மட்டும் கை வைக்க வேண்டாம். அவை கருவி செய்தபோது வைத்த சமநிலை. திருகினால் திரும்ப அதே இடம் பிடிப்பது கஷ்டம்.

பேட்டரி வாங்கும்போது அல்கலைன் வாங்குங்கள், இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ரீசார்ஜபிள் நிக்கல் வகை 9 வோல்ட் என்று விற்பது பெரும்பாலும் 8.4 வோல்ட்தான், சிலது 7.2. கருவி ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துப் போடலாம். யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறும் லித்தியம் 9 வோல்ட்டுகள் பலவற்றில் உள்ளே வோல்டேஜை மாற்றும் குட்டிச் சர்க்யூட் இருக்கிறது, அதன் இரைச்சல் டிடெக்டருக்கு ஆகாது. மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். தடி ஏற்ற மலைக்குப் போகும் ஆள் கருவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால், முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஸ்டூலில் காயிலை வைத்து, ஒரு இரண்டு அங்குல ஆணியை மரக்குச்சியின் நுனியில் நூலால் கட்டி, மெதுவாகக் காயில் பக்கம் கொண்டுவாருங்கள். எத்தனை சென்டிமீட்டரில் முதல் சத்தம் வருகிறது என்று அளந்து, தேதியோடு பேட்டரிப் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதுங்கள். அதே ஆணியை மூடிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டி வைக்காதீர்கள், அதையே கருவி கேட்டுக்கொண்டிருக்கும். மில்லில் ஒரு இடத்தில் தொங்கவிடுங்கள். மாதம் ஒரு தடவை, தடி லோடு வரும் நாளில், ரம்பம் ஓட்டும் ஆளையே அளக்கச் சொல்லுங்கள். தூரம் குறைந்திருந்தால் அன்றைக்கு ஒரு தடியையும் ஏற்றாமல் முதலில் அந்த மூடியைத் திறக்கட்டும்.